பப்பாவின் வால்வு

மார்ச் 11, செவ்வாய்

ரத்தநோய் வார்டில் நர்ஸாக ஒன்பது வருஷம் ஆகிறது. சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரு குடும்பத்தை இன்னும் பார்க்கவில்லை. தட்டணுக்கள் குறைந்த ஒரு பெண் இருக்கிறாள், ஈறில் லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். பல் விளக்க மிருதுவான பிரஷ் வாங்கி வரச் சொன்னேன். அண்ணன்காரன் வேப்பங்குச்சி ஒடித்துக்கொண்டு வந்து நிற்கிறான். இயற்கையாம்.

வீட்டுக்கு வந்தால் பப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர், மகள் சொன்னால் மட்டும் காது கேட்காது. போன வருஷம்தான் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். வயது எழுபத்திரண்டு. தவக்காலம் முழுக்க புதன், வெள்ளி, சனி ஒருசந்தியாம், மதியம் ஒரு வேளைச் சாப்பாடுதான். எதுக்கு இந்த வயசுல என்றேன். அது எனக்கும் சாமிக்கும் என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மார்ச் 25, செவ்வாய்

பப்பாவின் ஐ.என்.ஆர். 1.6. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கணக்கு அது. அந்த வால்வுக்கு 2.5-க்குக் கீழே போகவே கூடாது. போனால் வால்வில் ரத்தம் கட்டும். கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் அவ்வளவுதான்.

ரத்தம் கட்டாமலிருக்கப் போடும் மாத்திரையை விட்டீங்களா என்று கேட்டேன். சொன்னபடிதான் போடறேன் என்று கோபித்துக்கொண்டார். அப்படியானால் கீரைதான். கறி இல்லாத நாளெல்லாம் அம்மா முருங்கைக்கீரை வைக்கிறாள். கீரை கூடினால் மாத்திரை வேலை செய்யாது, தினமும் ஒரே அளவு வையுங்கள் என்று போன வருஷமே படித்துப் படித்துச் சொன்னேன். டாக்டர் கோவிந்தராசு மாத்திரை அளவைக் கூட்டிவிட்டார். அம்மாவோடு பெரிய சண்டை.

மார்ச் 26

அம்மா பேசவில்லை. கீரைக்காரம்மாவிடம் மட்டும் பேசுகிறாள்: “எம் பொண்ணு பெரிய நர்ஸு. கீரை வெஷம்ன்றா.” நான் எப்போது விஷம் என்றேன்?

ஏப்ரல் 15, செவ்வாய்

2.1. வீட்டில் கீரைத்தண்டைக்கூடக் காணோம், அப்புறமும் 2.1. டாக்டர் மறுபடி கூட்டியிருக்கிறார். அண்ணன் எமீல் பாரிஸிலிருந்து போன் செய்து, வேற டாக்டரைப் பாக்கக் கூடாதா என்கிறான். வந்து பாரேன்டா.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு இந்த மாத்திரையைச் சொல்லிக்கொடுப்பவள் நான். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 20

ஈஸ்டர். ஆட்டுக்கறி, ஒரு கிளாஸ் வைன். பப்பா சந்தோஷமாக இருந்தார்.

ஏப்ரல் 30, புதன்

மத்தியானம் அம்மா போன். பப்பாவுக்கு மூக்கில் ரத்தம், நிற்கவில்லை. சாரத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கும்போது துண்டு முழுக்க நனைந்திருந்தது. ரெண்டு நாளாவே ஈறுல வருதாம். சொல்லல. கேட்டா, நீ டூட்டில இருந்தியாம். மனுஷன் பேசற பேச்சா இது?

ஐ.என்.ஆர். ஒன்பதுக்கு மேல். குறைஞ்சே இருந்தது எப்படி இங்க வந்து நிக்குது? ரத்தம் ஏற்றுகிறார்கள். மாத்திரையை முறிக்க மருந்து கொடுக்க வேண்டும், ஆனால் அதிகம் கொடுத்தால் வால்வில் கட்டிவிடும். டாக்டர் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். ஊசியை நான் போடவில்லை. இன்னொரு சிஸ்டரைப் போடச் சொன்னேன்.

மே 1, வியாழன்

ரத்தம் நின்றுவிட்டது. பேசுகிறார், கை கால் சரியாக இருக்கிறது. விசாரணையை ஆரம்பித்தேன். என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை எப்போது போட்டீர்கள், எல்லாம்.

“ராத்திரி சாப்ட்ட பிறகு போடுன்னு நீதான சொன்ன. ஒருசந்தி அன்னிக்கு ராத்திரி சாப்பாடு ஏது? போடல.”

வாரத்துக்கு மூன்று நாள் போடவே இல்லை. அதனால்தான் குறைந்திருக்கிறது, நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். ஈஸ்டர் முடிந்ததும் ஒருசந்தி வெள்ளி மட்டும் என்று ஆனது. கூட்டிய மாத்திரையை அநேகமாகத் தினமும் போட்டிருக்கிறார். கொட்டாமல் இருக்குமா ரத்தம்.

அந்த மாத்திரைக்குச் சாப்பாடே தேவையில்லை. மறக்கக் கூடாதே என்று ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்கிறேன். சாப்பிடாத நாள் உண்டா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இவர் ஒருசந்தி என்று என்னிடம் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

அப்படி என்னதான் நேர்த்திக்கடன் என்று கேட்டேன். பப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாதான் சொன்னாள். “வால்வு நல்லா ஓடணும்னு வேண்டிக்கிட்டாருடி.”

வால்வுக்காக வேண்டிக்கிட்டு வால்வோட மாத்திரைய விட்டிருக்காரு. கீரைக்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி போ என்றாள்.

மே 8, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நாளைக்கு வெள்ளி, ஒருசந்தி என்கிறார் பப்பா. அடுத்த ஈஸ்டர் வரை எல்லா வெள்ளியும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

பங்குச் சாமியாரைக் கூட்டி வந்தேன். இந்த வயதுக்கும் நோய்க்கும் சபையே ஒருசந்தி கேட்பதில்லை என்றார் அவர். சபை கேக்கல சாமி, நான் சொல்லிட்டேனே என்கிறார் இவர். கடைசியில் சாமியார், வீட்டில் யாராவது உங்களுக்காக அந்த ஒருசந்தியை எடுத்துக்கொண்டாலும் சரிதான் என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார்.

அம்மாவுக்குச் சர்க்கரை. எமீல் வெள்ளிக்கிழமை என்ன தின்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவள். அதைச் சொல்லியும் பார்த்தேன்.

மே 13

இன்று ஓ.பி.யில் தையல்நாயகி அம்மாவிடம் சாப்பிடாத நாள் உண்டா என்று கேட்டேன். நாலு வருஷமாக இதே மாத்திரைக்கு வருகிறார், ஐ.என்.ஆர். ஒரு மாதம்கூடச் சரியாக நின்றதில்லை. சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம், மாத்திரை கிடையாது என்றார். “நீ கேக்கவே இல்லியேம்மா.”

மே 16, வெள்ளி

பப்பாவுக்கு 2.9.

ராத்திரி நாலு தோசை சாப்பிட்டார், மீன் இல்லையா என்று வேறு கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். மாத்திரையை என் எதிரிலேயே போட்டுத் தண்ணீர் குடித்தார்.

“பசிக்குதாம்மா?”

“இல்ல பப்பா.”

“ஒருசந்தி அன்னிக்குப் பொய் சொல்லக் கூடாது.”

இந்த மனுஷனை என்ன செய்வது. பசிக்கிறது. தூங்கப் போகிறேன்.