வளைவுக்கு ஒரு ஆள்

இன்று காலை பஸ் இரண்டு வளைவு இறங்குவதற்குள் அந்த வாடை வந்துவிட்டது பாய். பிரேக் லைனர் கருகும் வாடை. பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி செல்போன் சீரியலுக்குள் போய்விட்டார். எனக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டியது, நாக்கு வறண்டது. வெளியே காப்பித் தோட்டம், வெயில், குரங்குகள். ஒன்றும் நடக்கவில்லை. என் உடம்புக்குத்தான் அது தெரியவில்லை.

முன்பு இதே பாதையில் நடந்த அந்த விபத்தில் எனக்கு நெற்றியில் ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். பிரேக் பிடிக்காத பஸ்ஸை டிரைவர் மலைப்பக்கமாகச் சாய்த்து, உரசி நிறுத்தினார். எல்லோரும் பிழைத்தோம். பிளாஸ்திரி ஒட்டியவன் போய் எனக்கு மனசு சரியில்லை என்றால் யார் நம்புவார்கள்? பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் வேறு. அதனால் அதையும் தமாஷாக்கினேன். கண்டக்டரின் கத்தல், எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று முன்சீட்டுக்காரர் குழம்பியது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். கல்யாண வீடுகளில் அதற்கென்றே என்னைத் தேடினார்கள். வீட்டுக்கு வந்து குக்கர் விசில் அடித்தால், கட்டிலுக்கடியில் புகாத குறைதான்.

மலைமேல் நம் ஊரின் ஒண்டிக்கடைப் பகுதியில் உங்கள் மளிகைக்கடை முன்னாலும் ஒருநாள் ஆடிக் காட்டினேன். நின்றவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிராமலே கேட்டீர்கள்: "ஏனுங்க, அப்ப உங்க கை எங்க இருந்துச்சு?"

ஜன்னல் கம்பியில். பஸ் நின்ற பிறகும் விட முடியவில்லை. கண்டக்டர்தான் விரல் விரலாகப் பிரித்தெடுத்தார். அதை நான் யாருக்கும் நடித்துக் காட்டியதில்லை. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, அதுவும் நட்டநடுக் கடைத்தெருவில், மூக்கொழுக. நீங்கள் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினீர்கள்.

சேலத்தில் என் மகளுக்குப் பிறந்த குழந்தை தவழத் தொடங்கியும் நான் மலை இறங்கவில்லை. மூட்டுவலி என்று சொல்லிவந்தேன். அன்று அதையும் ஒப்புக்கொண்டபோது நீங்கள் சொன்னீர்கள்:

"மூட்டெல்லாம் நொம்ப நல்லா இருக்குதுங்க. மண்டைக்குள்ளார ஒரு வாட்ச்மேன் உக்காந்திருக்கறான். ஒருக்கா திருடன் வந்துட்டான்னு, இப்ப பூனை தாண்டுனாலும் விசிலடிக்கறான். அவன வேலைய உட்டுத் தூக்க முடியாதுங்க. பழக்கோணும்."

இதை உங்களுக்கு விளக்கியவர் சேலத்தில் ஒரு மனநல டாக்டர். உங்கள் மூத்த மகன் இதே மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து உயிரை விட்டபின், வீட்டார் உங்களை அவரிடம் கூட்டிப்போயிருந்தார்கள்.

பழக்கினீர்கள். முதல் நாள் நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம், கிளம்புமுன் இறங்கிவிட்டோம். மறுநாளும் அதே கூத்து. "ஏனுங்க பெரியவங்களே, பஸ்ஸுக்குக் காவலுங்களா?" என்றார் கண்டக்டர். பெரியவர் என்றது உங்களை மட்டும்தான் என்று வாதாடினேன். பிறகு முதல் வளைவுவரை போய், மேலே வரும் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினோம். செருப்புக்குள் கட்டைவிரலை அசைக்கச் சொன்னீர்கள், கால் தரையில் இருப்பது வாட்ச்மேனுக்குத் தெரியட்டும் என்று. "மூச்ச இழுக்கறது பெருசில்லீங்க, உடறதுதான் பெருசு. சூடு டீய ஊதற மாதிரி மெல்ல உடுங்க."

அதற்கும் அடங்காவிட்டால் நான் வளைவுக்கு ஒரு ஆளைப் பற்றிப் புறணி பேச வேண்டும். என்ன சட்டை, என்ன பேச்சு, ஒன்றும் விடக்கூடாது. "போன வாரம் சொன்னதையே சொல்றீங்களே. மண்ட வேல செய்யோணும், புதுசா அவுத்து உடுங்க" என்பீர்கள். உங்கள் மார்க்கத்தில் புறம் பேசுவது பாவமாயிற்றே என்றால், "மருந்துக்குன்னா மன்னிப்பு உண்டுங்க" என்று சிரிப்பீர்கள். அப்படித்தான் ஒருநாள் சேலம்வரை போய்ச் சேர்ந்தேன். பேத்தி முதல் காரியமாக என் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள்.

ஒரு வளைவில் மட்டும் அவசரப்படுத்துவீர்கள். "இப்ப பெருசா ஒரு கத எடுத்து உடுங்க." அங்கே எனக்குப் பயம் கூடுதல் என்று கண்டுபிடித்துவிட்டார் மனுஷன் என நினைத்துக்கொள்வேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் உங்கள் நெஞ்சு நின்றுபோன அன்று, ஆம்புலன்ஸில் உங்களோடு மலையேறியவர்கள் நானும் உங்கள் இளைய மகனும்தான். எதிரே இறங்கிய லாரியிலிருந்து அதே வாடை. கதவைத் திறந்து குதித்துவிடலாம் போலிருந்தது. குதித்தால் உங்களை யார் ஊர் சேர்ப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வளைவு வந்தபோது உங்கள் மகன் வெளியே பார்க்காமல் சொன்னான்:

"அண்ணன் உழுந்த எடம் இதுதானுங்க மாமா. அத்தா இங்க வந்தா கண்ண இறுக்கி மூடிக்குவாரு. நீங்க கூட வந்தா மட்டும் மூட மாட்டாராம். அந்த மனுசன் வாய்க்கு முன்னால பயப்படறதுக்கு ஏதுடா நேரம்னு சொல்லுவாரு."

எனக்குத் தெரியாது பாய். இரண்டு பயந்தாங்கொள்ளிகள், மற்றவன் தைரியசாலி என்று நம்பி இத்தனை காலம் ஏறி இறங்கியிருக்கிறோம். வெள்ளைத் துணியின் பக்கம் குனிந்து பேசத் தொடங்கினேன். வாழவந்திக் கிராமத்து மாப்பிள்ளை மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து, நிச்சயதார்த்தப் பாயசத்தைக் கறுப்பாக்கிய கதை. சட்டை இளநீலம் என்பதுவரை விடாமல் சொன்னேன். உங்கள் மகன் சிரித்தான். சிரித்தபடியே என் தோளில் விழுந்து அழுதான். வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. நீங்கள் எப்போதும்போல் 'அப்பறம்?' என்று கேட்கவில்லை.

இன்று அடிவாரம் வந்ததும் வியர்வை காய்ந்தது. பயம் இன்னும் இருக்கிறது; அதையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இறங்க முடிகிறது. அந்த அளவுக்கு என்னை ஆளாக்கிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். நீங்கள் இல்லாததை எப்படித் தாங்குவது என்று மட்டும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மகள் வீட்டுக் கதவைத் திறந்ததும் வழக்கம்போலக் கேட்டாள்: "மேல என்னப்பா விசேஷம்?"

இந்த வாரம் கிடைத்திருப்பது அப்பேர்ப்பட்ட சங்கதி பாய். சொன்னால் நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்திருப்பீர்கள்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். அது உங்களுடையது.