நான்கு கதவு வண்டி பின்னோக்கி வந்த மாலை

திருநெல்வேலி டவுண்,
திருவள்ளுவர் ஆண்டு 2026, ஆனி 18
(2-7-1995)

அன்பிற்கினிய தம்பி அசன் முகம்மதுவுக்கு,

நெல்லை வழுதி எழுதுவது. சார்ஜாவில் நீ நலமாக இருக்க விழைகிறேன். இங்கு யாவரும் நலம் என்று எழுத என் கை மறுக்கிறது.

தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: உன் தம்பி தாஜ் முகம்மது உயிரோடு இருக்கிறான். வலக்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் முறிந்திருக்கிறது. பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறான். மூன்று திங்களில் ஊன்றி நடப்பான் என்கிறார்கள். மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி.

முந்தாநாள் நீ தொலைபேசியில் அழைத்தபோதே சொல்ல முயன்றேன். உன் குரல் ஆழ்கிணற்றின் அடியிலிருந்து எழுவதுபோல் வந்து மங்கிப் போனது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடல்கடந்த இணைப்புக்கு இவ்வளவு கட்டணம் வாங்குகிறவர்கள் கம்பியைச் சீர்செய்ய மாட்டார்களா? ஆகவே எழுதுகிறேன்.

நம் வண்டியைப் பற்றித் தாஜ் உனக்கு அவ்வப்போது எழுதியிருப்பான். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் உன் தந்தை மலைத்தோட்டத்து ஏலத்தில் எடுத்த அதே அமெரிக்க வண்டி. முன்னே மூவர், பின்னே மூவர் அமர நான்கு கதவுகள், அதற்கும் பின்னே திறந்த தட்டு. எந்தெந்த ஊரில் நமக்கு மேடை மறுத்தார்களோ, அங்கெல்லாம் அந்தத் தட்டே மேடையானது. நீ உள்ளே அமர்ந்து ஒலிபெருக்கியைத் திருகினாய். கூரைமேல் நீ கட்டிய இரண்டு குழாய்களில் ஒன்று முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் முழங்கின. பின்னோக்கியது என் இடச்செவிக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. ஆழ்வார்குறிச்சிச் சந்தையில் மூன்று மணிநேரம் நான் பேசி முடித்தபின், அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துச் சூடாகிவிட்டது என்று நீ சொன்னது நினைவிருக்கிறதா?

பன்னிரண்டு ஆண்டுகள் மேலப்பாளையத்துக் கொட்டகையில் கிடந்த வண்டியை எழுப்ப வேண்டும் என்று நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்வழிக் கல்விக்காகப் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை, தாமிரவருணி ஓடும் வழியெல்லாம் அந்த வண்டியிலேயே சென்று பேச எண்ணினேன். வாடகைக் காரில் சென்று தாய்மொழியைப் பற்றிப் பேச என் நா எழவில்லை.

தாஜ் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த பெட்ரோல் எஞ்சின வச்சிக்கிட்டு நீங்க பாபநாசம் போய்ட்டு வாரதுக்குள்ள, பம்புக்காரன் தன் மக கல்யாணத்த முடிச்சிருவான்" என்றான். ஜப்பானியர் வடிவமைத்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தான். அவன் பட்டறையில் எஞ்சினை எஞ்சின் என்றும் பிரேக்கைப் பிரேக் என்றுமே நானும் சொல்லப் பழகிவிட்டேன். "பொறி" என்றால் எலிப்பொறியை எடுத்து வந்து காட்டுகிறான்.

ஐந்து திங்கள் உழைத்தான். பழைய எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி இறக்கினான். புதியது அமர்வதற்குச் சட்டத்தில் புதுத் தாங்கிகளைப் பற்றவைத்தான். எஞ்சினுக்கும் பழைய கியர்ப் பெட்டிக்கும் இடையே பொருந்த ஒரு தடித்த தகட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, துளை துளையாக அளந்து இணைத்தான். துருவேறிய தரைத்தகட்டை வெட்டி எறிந்தான். நான்கு கதவுகளும் இப்போது ஒரு விரல் தள்ளலில் மூடுகின்றன. பிரேக்குகளை அடியோடு புதுப்பித்தான்.

சென்ற வியாழன் மாலை முதன்முதலாக எஞ்சினை இயக்கினோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தார்கள். சிறுவர்கள் செவிகளைப் பொத்திக்கொண்டு குதித்து விளையாடினார்கள். ஓர் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. டீசல் என்றால் கடகடக்கும் என்று அஞ்சியிருந்த எனக்கு, பூனையின் முனகல்போல் அடங்கி ஒலித்த அந்த எஞ்சின் வியப்பளித்தது. "இதை ஓடவிட்டுக்கொண்டே நான் உரையாற்றலாம்" என்று பாராட்டினேன். தாஜ் சிரித்தான்.

மேலப்பாளையம் கடைத்தெரு வரை நானே ஓட்டிச் சென்று திரும்பினேன். பிறகு கொட்டகைக்குள் பின்னோக்கி விட்டேன். பக்கக் கண்ணாடிகள் இன்னும் பொருத்தப்படவில்லை. தாஜ் வண்டிக்குப் பின்னே, தூணருகே நின்று வழிகாட்டினான். திடீரென்று எதிரே இருந்தவர்கள் அனைவரும் வாயைத் திறந்துகொண்டு கைகளை வீசி என்னை நோக்கி ஓடிவந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. அதற்குள் தட்டின் விளிம்புக்கும் தூணுக்கும் நடுவே உன் தம்பியின் கால் இருந்தது.

அசன், எத்தனையோ கலவரங்களின் நடுவே நின்று பேசியவன் நான். அந்தக் காலைப் பார்த்தபோது, ஒருவர் என் தோளை உலுக்கிய பிறகே வண்டியை முன்னே நகர்த்தினேன்.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு முடிந்தபின், சுற்றி நின்ற அத்தனை பேரின் முன்னிலையிலும் தாஜே சொன்னான்: "பிரேக் புடிக்கல. பைப்புல காத்து நின்னுருக்கு. என் வேலைதான் தப்பு." அதைக் கேட்டதும் எனக்கு எழுந்த சினத்தை மறைக்க மாட்டேன். மனிதர் உயிரை ஏற்றிச் செல்லும் ஒன்றில் இப்படியொரு கவனக்குறைவா என்று அந்தக் கட்டிலருகேயே கேட்டேன். என் குரல் உனக்குத் தெரியும். கூடம் முழுதும் திரும்பிப் பார்த்தது.

சிற்றுந்து உரிமையாளர் ஒருவர் மறுநாளே தம் இரண்டு வண்டிகளையும் பட்டறையிலிருந்து இழுத்துச் சென்றுவிட்டார். மரக்கடைக்காரர் லாரியும் போய்விட்டது. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஊரார் செய்வதில் பிழை காண என்னால் இயலவில்லை. அண்ணன் என்ற முறையில் நீயும் அவனுக்குக் கண்டித்து எழுது.

உன் மதினி பிரம்மநாயகி உன்னை விசாரிக்கச் சொன்னாள். அண்மைக்காலமாக அவள் இயல்பே மாறிவிட்டது. எதைச் சொன்னாலும் சினத்தோடு உரக்கவே சொல்கிறாள். முதுமை போலும்.

உன் நலனையும் உன் தம்பியின் எலும்பு கூடுவதையும் ஒருங்கே வேண்டும்,

நெல்லை வழுதி


திருநெல்வேலி டவுண்,
திருவள்ளுவர் ஆண்டு 2026, ஆடி 13
(29-7-1995)

அன்புத் தம்பி அசன் முகம்மதுவுக்கு,

உன் மடல் சென்ற சனிக்கிழமை வந்தது. நீ அவனைக் கண்டித்திருப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "அண்ணாச்சி, தாஜ் சத்தம் குடுக்கலியா?"

சிறுவயதில் குறுக்குத்துறையில் நின்று அவன் கூப்பிட்டால் அக்கரையில் மாடு மேய்ப்பவர் திரும்பிப் பார்ப்பார் என்றும், வண்டி கால்மேல் வரும்போது அவன் வாய்மூடி நின்றிருக்க மாட்டான் என்றும் எழுதியிருந்தாய். நான் அதை மூன்று முறை படித்தேன். தாஜ் கூவினானா? அந்த மாலையை எத்தனை முறை நினைவில் ஓட்டிப் பார்த்தாலும் எனக்குத் தெரிவன திறந்த வாய்கள் மட்டுமே. எந்த வாயிலிருந்தும் ஓசை வரவில்லை.

ஐயம் தீர்க்க, பாளையங்கோட்டை தேவதாசனைப் பட்டறைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். முப்பது ஆண்டுகள் பேருந்துகளுக்குப் பிரேக் பார்த்தவர். ஞாயிறுதோறும் ஆலயப் பாடகர் குழுவில் பாடுபவர். அவர் வண்டிக்கடியில் படுத்துக் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பிரேக் எண்ணெய் குறையாமல் இருந்தது. ஒரு துளி ஒழுக்கு இல்லை. மிதிகட்டையை அழுத்தி, "கல்லு மாதிரி நிக்கி அண்ணாச்சி. இதுல காத்துன்னு எவன் சொன்னான்?" என்றார். எனினும் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று எஞ்சினை இயக்கினேன்.

தேவதாசன் இரு கைகளாலும் செவிகளை இறுகப் பொத்திக்கொண்டார்.

எஞ்சினை நிறுத்தினேன். அவர் முகம் சிவந்திருந்தது. என் வலப்பக்கம் வந்து நின்று சொன்னார்: "என்ன வே இது, சைலன்சரே இல்லாம ஓட்டுதீரு? பாளையங்கோட்டைக்கே கேக்குமே!"

தம்பி, அந்த சைலன்சர் பட்டறையின் மூலையில் சாக்கில் சுற்றியபடி கிடந்தது. அதன்மேல் ஒட்டிய தாள்கூடக் கிழிந்திருக்கவில்லை. மதுரையில் வளைத்து வரவேண்டிய குழாய் வராததால், அது அன்றுவரை வண்டியில் ஏறவே இல்லை. எந்த எஞ்சினைப் பூனையின் முனகல் என்று நான் பாராட்டினேனோ, அந்த எஞ்சின் திறந்த வாயோடு தெருவையே உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பெண்கள் வண்டியின் அழகைக் காண வாசலுக்கு வரவில்லை. சிறுவர்கள் விளையாடவில்லை. ஆடும் மகிழ்ச்சியில் ஓடவில்லை.

நான் அந்த சாக்கின் அருகே மண்ணில் அமர்ந்துவிட்டேன். தேவதாசன் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

வீட்டுக்குச் சென்று உன் மதினியிடம் கேட்டேன், எத்தனை நாளாக என்று. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னே அமர்ந்து, ஆறு ஆண்டுகளாக என்றாள். அவள் சினத்தில் கத்தவில்லை, அசன். ஒருநாளும் சினத்தில் கத்தவில்லை. உன் மடலின் இறுதியில், அந்தக் குழாயை என் செவியோரம் கட்டியவன் நான்தானே என்று எழுதியிருந்தாயே, நீயும் அறிந்திருக்கிறாய். கூட்டங்களில் நீ எப்போதும் என் வலப்பக்கமாகவே வந்து பேசியதன் பொருள் எனக்கு இப்போது விளங்குகிறது. குழாயை நினைத்து நீ வருந்தாதே. ஒலியைக் கூட்டு, இன்னும் கூட்டு என்று ஒவ்வொரு ஊரிலும் கையசைத்தவன் நான்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி தாஜின் வீட்டில் காத்திருந்தது. பிரேக்கில் பழுதில்லை என்று அறிந்தும் ஏன் உன் தொழிலின்மேல் நீயே சேறு பூசிக்கொண்டாய் என்று கேட்டேன். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நகர்த்திக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்:

"நீங்க எஞ்சின் சத்தத்த புகழ்ந்தப்பமே எனக்குச் சந்தேகம் அண்ணாச்சி. நான் கத்துன கத்துல நீங்க திரும்பல பாருங்க, அப்பம் தெரிஞ்சிபோச்சு. மேடையில நிக்க ஆளுக்கு காது போச்சுன்னு வெளிய தெரிஞ்சா எவன் கூப்புடுவான்? எதிராளி கேக்க கேள்விக்கு என்னன்னு பதில் சொல்லுவிய? எனக்கு நாலு வண்டி போவும். பைய திரும்பி வரும்."

நாற்பது ஆண்டுகள் மானத்தைப் பற்றி முழங்கியிருக்கிறேன். கால் முறிந்த வலியில், ஒரு நொடியில், தன் தொழிலின் மானத்தைக் கழற்றி என்மேல் போர்த்தியவனை, ஊரறிய நின்று வைதேன். நான் வைதது அவனுக்கு நன்றாகக் கேட்டது.

நான்கு வண்டிகள் போகும் என்றான். போனவை ஒன்பது. திரும்பியது ஒன்றுமில்லை. பட்டறைக் கதவு பத்து நாட்களாகப் பாதிதான் திறக்கிறது.

ஆகவே நேற்று வெள்ளிக்கிழமை, நண்பகல் தொழுகை முடிந்து மக்கள் வெளியே வரும் வேளையில், தேவதாசனை வண்டியை ஓட்டச் சொல்லி, கடைத்தெருவில் நிறுத்தி, தட்டில் ஏறினேன். மதுரைக் குழாய் வந்துசேர்ந்ததால், சைலன்சரை முதல்நாளே அவர் பொருத்தியிருந்தார். ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன். தாஜையும் கடைத்தெருவுக்கு அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தியிருந்தார்கள். மரக்கடைக்காரர் நின்றார். சிற்றுந்து உரிமையாளரும் நின்றார்.

என் வாழ்நாளின் மிகக் குறுகிய உரை அது. இந்த வண்டியின் பிரேக்கில் எந்தப் பழுதும் இல்லை, தேவதாசன் சோதித்தார், வேண்டுவோர் ஏறி மிதித்துப் பாருங்கள் என்றேன். தாஜ் முகம்மது கூவினான், நான் கேட்கவில்லை, என் செவி கெட்டு ஆண்டுகள் ஆகின்றன, அதை மறைக்க அவன் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டான் என்றேன். அவனை நான் வைத சொற்களை அதே குரலில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கூட்டத்தில் யாரோ ஏதோ கேட்டார்கள். செவியைச் சுட்டிக் கையை விரித்தேன். எவரும் சிரிக்கவில்லை. மரக்கடைக்காரர் வண்டியில் ஏறி, உண்மையாகவே பிரேக்கை மிதித்துப் பார்த்தார்.

பாபநாசத்துப் பயணத்தை இளைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். வண்டி போகும். நான் பின்னிருக்கையில் அமர்ந்து செல்வேன். ஓட்டுநர் இருக்கையில் இனி அமர மாட்டேன்.

இப்போது இந்த மடலை எழுதுவதன் நோக்கத்துக்கு வருகிறேன். நான் பேசி முடித்ததும், தாஜ் நாற்காலியில் இருந்தபடியே, தட்டில் நின்ற என்னை நோக்கி ஏதோ சொன்னான். நீளமாகவே சொன்னான். ஐந்தாறு பேர் சிரித்தார்கள். அவன் அருகே நின்ற உன் மைத்துனர் மட்டும் தலையைக் குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அவன் நாற்காலி இருந்தது என் இடப்பக்கம். நடுவே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது வசையா, பொறுத்தேன் என்ற சொல்லா, வழக்கம்போல் ஒரு கேலியா, எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதுபோல் தலையசைத்துவிட்டு இறங்கினேன். ஊர்முன் அத்தனையும் ஒப்புக்கொண்ட பின்னும், "இன்னொரு முறை சொல்லடா" என்று அவனிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இரவெல்லாம் அந்த உதடுகளின் அசைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி என்னைத் தொலைபேசியில் அழைக்காதே, தம்பி. கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. உன் தம்பியை அழை. அவன் அன்று என்ன சொன்னான் என்று கேள். எதுவாக இருந்தாலும் ஒரு சொல் குறையாமல், மென்மையாக்காமல், எனக்கு எழுது.

அஞ்சல்காரர் வரும் வழியைப் பார்த்திருக்கும்,

வழுதி அண்ணாச்சி