பெட்ரோல் மூடியில் ஊசித் துளை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. வரி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, எனக்கே தெரிகிறது. வெல்டிங் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பேனாவைப் பிடிக்காதீங்க ஐயா, தாள் ஓட்டையாகுது என்று எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற மாலை வகுப்பு டீச்சர் தினமும் சொல்கிறார். நாற்பது வருஷம் பஸ் பட்டறையில் கம்பி பிடித்த கை, எட்டு மாதத்தில் எப்படி மாறும். இந்தக் கடிதத்துக்கு இது நாலாவது நாள். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுதியது. அவர் கடிதத்தில் நான் வருஷம் முழுக்க ஒரே மாதிரி சௌக்கியமாக இருப்பேன். இந்த விஷயத்தை அவரை எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் டீச்சர், அவரவர் வீட்டில் இருக்கிற எதையாவது கொண்டுவந்து படியுங்கள் என்றார். ஒருவர் மருந்துச் சீட்டு கொண்டுவந்தார், ஒரு அம்மா கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். நான் நம் பச்சைக் காரின் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து உன் நோட்டை எடுத்துப் போனேன். ஞாபகம் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டால், நீ வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதுவாயே, அதுதான். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது, வெந்நீர் ஊற்றித் துடைத்தோம். பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயிண்ட் கருகியிருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், கறுப்பாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டிருக்கிறாய். நான் தும்மியதைக்கூட எழுதியிருக்கிறாய். படிக்கும்போது அந்தக் கார் கொட்டகையின் பெட்ரோல் வாசனையே வந்துவிட்டது, வகுப்பில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் படித்தேன். வேகமாகப் படிக்கிறவர் கண்ணில் தப்பியிருக்கும், எனக்கு ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போவதால் மனதில் தங்கிவிட்டது. கார் நடுவழியில் நிற்குமே, அந்த வியாதி எட்டு இடத்தில் வருகிறது. தையல்காரர்கூட, உங்க வீட்டு மூத்த மாப்பிள்ளை இவன்தான், நடுரோட்டுல கோவிச்சுக்கிட்டு நின்னுடுவான் என்பாரே. சூட்டினால் நிற்கிறது என்று நான் பெட்ரோலை இழுக்கிற பம்பின்மேல் ஈரத்துணி போடுவேன், கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவேன். பெட்ரோல் அளவு காட்டுகிற முள் வேலை செய்யாததால், டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். பிறகு ஓடும். ஈரத்துணியால் ஓடியது என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ ஐந்தாவது தடவையிலேயே எழுதிவிட்டாய், “மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே போகிறது. திறந்த பிறகுதான் ஓடுகிறது. அப்பாவிடம் கேட்க வேண்டும்.” அதற்குக் கீழே, “கேட்டேன். சிரித்தார்.”

இந்த இரண்டு வார்த்தையைப் படித்த அன்று நோட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சிரித்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பழைய மூடி தொலைந்துபோய், பட்டறையில் நானே தகடு வெட்டி, ஒட்டி, ரப்பர் வைத்துச் செய்த மூடி அது. ஒரு சொட்டு வாசனைகூட வெளியே வராது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உஸ்ஸுன்னு வந்தா அது அப்பா வேலையோட தரம் பாப்பா என்றேன். உள்ளே இருக்கிற பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் எத்தனை இழுத்தாலும் பெட்ரோல் வராது. அதற்குத்தான் கடை மூடியில் சின்னத் துளை வைத்திருப்பார்கள். காற்று புகாமல் அடைப்பதே என் தொழில், அதனால் துளை வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். உன் முதல் இன்டர்வியூ அன்று, நல்லபடியாகப் போய் வரட்டும் என்று டேங்க் வழிய வழியப் பெட்ரோல் போட்டு மூடியை நான்தான் இறுக்கினேன். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, இன்னும் சீக்கிரம் நிற்கும். நீ ஓட்டிக்கொண்டு போகையில் பாலத்துமேல் நின்றுவிட்டது. டேங்க் நிறைய இருக்கிறது என்று தெரியும், அதனால் நீ மூடியைத் திறக்கவில்லை. சைக்கிளில் நான் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது, இன்டர்வியூ நேரமும் போய்விட்டது. அதற்குள் எந்தச் சந்திலோ காற்று மெல்ல உள்ளே போயிருக்கிறது, நான் சாவியைத் திருப்பியதும் ஓடிவிட்டது. கூடி நின்றவர்கள் முன்னால், பாத்தியா, என் கைக்கு ஓடுது, உன் கைக்கு ராசி இல்ல, இனிமே ஸ்டியரிங்கத் தொடாத என்றேன். வீட்டுக்கு வந்து சாவியை மேசைமேல் வைத்தாய். இருபத்தோரு வருஷமாக எந்த வண்டியின் சாவியையும் நீ எடுக்கவில்லை. நான் சந்தை வரைக்கும்தான் ஓட்டினேன், அந்தத் தூரத்தில் அது நிற்பதில்லை, என் கை ராசியான கை என்றே இருந்துவிட்டேன்.

மூன்று நாளாகக் கொட்டகையில்தான் இருக்கிறேன். ரொம்ப நாளாக ஓடாமல் நாறிப்போன பெட்ரோலை வடித்தேன், தையல்காரர் வண்டியின் பேட்டரியைக் கேட்டு வாங்கி வைத்தேன், உன் நோட்டில் இருக்கிறபடி பாயிண்டைத் தேய்த்தேன். டேங்கை நிறைத்து மூடியை இறுக்கி, அம்மாவை ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். அதே இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. நான் கைதட்டினேன். நின்ன வண்டிக்குக் கைதட்டுற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன் என்றாள் அம்மா. இறங்கி மூடியைத் திறந்தேன், உஸ் என்றது. சாவியைத் திருப்பினேன், ஓடியது. வீட்டுக்கு வந்து மூடியைத் தனியாக எடுத்துப்போய், தையல்காரரின் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை போட்டேன். நேற்று பாலத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, அம்மா போதும் போதும் என்று சொல்கிற வரைக்கும் ஓட்டினேன். நிற்கவே இல்லை.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் வேலை உனக்கு வந்திருக்கிறது என்றும், கார் ஓட்ட வேண்டும் என்பதால் மாதக் கடைசியில் வேண்டாம் என்று சொல்லப் போகிறாய் என்றும் அம்மா சொன்னாள். எனக்கும் காருக்கும் ஆகாதும்மா என்றாயாம். அது நான் சொன்ன பொய், நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். வேலை பிடிக்காவிட்டால் விட்டுவிடு, அது உன் இஷ்டம். என் வார்த்தைக்காக விடாதே. போனில் சொல்லியிருக்கலாம், நீ பரவாயில்லப்பா என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாய். நீ எழுதிக் கேட்டாய், எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். நோட்டில் “சிரித்தார்” என்பதற்குக் கீழே இரண்டு நாள் பழகிப் பார்த்து எழுதியிருக்கிறேன், “நீ சொன்னதுதான் சரி. அப்பா.”

நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது நடக்க வேண்டும். அம்மா, முடியை ஈரத்தோடு கட்டாதே என்று எழுதச் சொல்கிறாள். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, மறந்துவிடாதே. அடுத்த வாரமும் பேனாவோடு உட்காருவேன், உன் நோட்டில் நான் பதில் சொல்லாத கேள்விகள் இன்னும் ஏழு இருக்கின்றன.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதும்
உன் அப்பா