நீ இறக்கையை ஆட்டிவிட்டாய்

மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே எங்கள் பக்கம் வரும் அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை, நீங்கள் தாழப் பறந்து பயிற்சி எடுக்கும் டோல்கெத்லாய் மலைச்சரிவில் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். உன் போர் ஜெட் எனக்குக் கீழே, பள்ளத்தாக்கை உரசுவதுபோலப் போனது. விமானங்களைப் படமெடுக்க வந்த கூட்டத்துக்கு வழக்கம்போல இறக்கையை ஆட்டினாய்.

விரிப்பில் எழுதியிருந்ததை அந்த வேகத்தில் நீ படித்திருக்க மாட்டாய். “அம்மா பிழைக்க மாட்டாள். சனிக்கிழமை வருவதானால் இறக்கையை ஆட்டு.”

“எந்தத் துணியப் பாத்தாலும் உங்கப்பன் ஆட்டுவான்டா,” என்றார் அந்தக் கூட்டத்தில் கேமராவோடு நின்ற நம் ஊர்க்காரர் கெத்தின்.

“தெரியும். போன்ல சிக்காத ஆளு போட்டோல சிக்கட்டும். நீங்க எடுங்க.”

படம் பிரமாதம். விரிப்பும் சாய்ந்த இறக்கையும் ஒன்றாக விழுந்திருந்தன. ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் காட்டினேன்.

“வர்றேன்னுதான் ஆட்டினாராடா?”

“பின்ன, ஈ ஓட்டவா?”

உடனே நர்ஸிடம் உதட்டுச்சாயம் கேட்டாள். சனிக்கிழமை வலிமருந்தைப் பாதியாகக் குறைக்கவும் சொல்லிவிட்டாள். நீ வரும்போது தூங்கிவிடக் கூடாதாம். வலித்தால் பரவாயில்லையாம்.

வரப்போவதில்லை என்றால், அதை நேரில் வந்து அவளிடம் நீயே சொல்லிவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் மனைவியின் மகன்