‘ங்கோ’ இல்லாமல் ஊது

திங்கள், பெப்ரவரி 9

மைனஸ் பத்தொன்பது. பஸ் பதினொரு நிமிடம் பிந்தி வந்தது. கண்ணிமையில் பனி.

சுவாச சிகிச்சைப் படிப்பில் ஆஸ்பத்திரிப் பயிற்சி, இரண்டாம் கிழமை. வென்டிலேட்டர் சரி. ரத்த வாயுக் கணக்கு சரி. ஒட்சிசன் சிலிண்டர் மாற்றுவதில் செஜெப் கல்லூரியிலிருந்து என்னோடு வந்த இருபது வயதுப் பிள்ளைகளைவிட நான் வேகம். டோர்வல் விமான நிலையத்தில் பதினொரு வருடம் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிய கை இது. ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது: ஊதும் பரிசோதனை.

நோயாளி மூக்கில் கிளிப் போட்டு, குழாயை வாயில் வைத்து, மூச்சை முட்ட எடுத்து, உள்ளே இருக்கிறதெல்லாம் தீரும்வரை ஒரே மூச்சில் ஊத வேண்டும். ஆறு செக்கனாவது. பக்கத்தில் நிற்பவர் கத்தாவிட்டால் ஆட்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள், பரிசோதனை செல்லாது. இன்று எனக்கு மூன்று நோயாளிகள். மூன்றும் செல்லாது.

எங்கள் மேற்பார்வையாளர் நத்தலி (இனி ந.) சொன்னார்: "வசந்தி, நீ நோயாளியிடம் கெஞ்சுகிறாய். கட்டளை போடு."

வெள்ளி மதிப்பீடு. ஒரே நோயாளியிடம் மூன்று நல்ல ஊதல் எடுக்க வேண்டும். தவறினால் முழுப் பயிற்சியும் திரும்ப, அதுவும் அடுத்த குளிர்காலத்தில். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு குளிர்காலம் மேலதிகமாக வேண்டாம். எடுத்துவிடுவேன். மற்றதெல்லாம் வந்த எனக்குக் கத்த மட்டும் வராதா?

வாங்க: பால், லீக்ஸ், சப்பாத்தில் வீதி உப்புக் கறைக்கு வினாகிரி.

செவ்வாய் 10

விடாத பனி. பின்னேரம் வீட்டில் ஒத்திகை. நோயாளி: என் மகள் அபி, பதினைந்து வயது. சோபாவில் இருத்தி, உடுப்புக் கிளிப்பை மூக்கில் மாட்டி, கடதாசியைச் சுருட்டிக் குழாயாகக் கொடுத்தேன்.

"சுஃப்லே, சுஃப்லே, சில் வூ ப்ளே," என்றேன். பிரெஞ்சில், ஊதுங்கள், தயவுசெய்து.

அபி கிளிப்பைக் கழற்றிவிட்டாள். "அம்மா, ஆர் பிளீஸ் சொல்லிக் கத்துறது? நான் ரூம் கூட்டேல்லை எண்டா எப்பிடிக் கத்துவீங்கள்? அப்பிடிக் கத்துங்கோ." கிளிப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய அறையை நினைத்தேன். கட்டிலுக்கடியில் கிடக்கும் மூன்று ஈரத் துவாய்களையும் நினைத்தேன். "சுஃப்லே! சுஃப்லே! ஆங்கோர்! ஆங்கோர்! ஆங்கோர்!" இன்னும், இன்னும், இன்னும். ஜன்னல் அதிர்ந்தது. என் தொண்டைக்குள் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், இவ்வளவு காலம் தெரியாமல் போயிற்று.

கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு மதாம், கையில் ஃபோன், முகம் வெளிறி. அம்புலன்ஸைக் கூப்பிடவா, பிள்ளை பிறக்கப் போகிறதா என்று கேட்கிறார். என் பின்னால் அபி மூக்கில் கிளிப்போடு நிற்கிறாள். விஷயத்தைச் சொல்லி மூன்று பேரும் சிரித்து முடிக்க, போட்ட தேநீர் ஆறிவிட்டது. மதாமுக்கும் கிளிப்பை மாட்டி ஊத வைத்தேன். எழுபது வயதுக்கு நல்ல காற்று.

புதன் 11

மைனஸ் ஆறு, சொர்க்கம். இன்று மூன்றில் இரண்டு சரி! பிரெஞ்சில் கத்துவது சுகம். அந்தப் பாஷையில் எனக்கு மாமா, மாமி, பெரியப்பா என்று யாரும் இல்லை.

மத்தியானம் ந. கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஒரு தமிழர், எழுபத்துமூன்று வயது. குடலிறக்க ஆப்பரேஷனுக்குக் காத்திருக்கிறார். இரண்டு தடவை வந்து ஊதியும் செல்லாமல் போய்விட்டது, இது செல்லாமல் டொக்டர் நாள் குறிக்க மாட்டார்.

"உன் மொழி. ஆனால் கஷ்டமான ஆள். வேண்டாம் என்றால் மதிப்பீட்டுக்கு வேறு ஆள் தருகிறேன்."

"அவரே வேணும்," என்றேன். யோசிக்கவே இல்லை. பஸ்ஸில்தான் யோசித்தேன். ஒரு வயதான மனிதரைப் பார்த்துத் தமிழில் நான் கத்தியதே இல்லை. பரவாயில்லை. தமிழ் எனக்குப் பாடமாக்கி வந்ததா என்ன?

மதிய இடைவேளையில் காதில் விழுந்தது, லிஃப்டில் ஒரு தாதி மற்றவரிடம்: "தமிழில் கத்துவார்களா? பாடுகிற மாதிரியல்லவா இருக்கிறது." நல்ல காலம், என்னை அபியோடு அவர் பார்க்கவில்லை.

வெள்ளி 13

கையுறையில் ஒன்றைப் பஸ்ஸில் தொலைத்தேன். அதோடு இன்றைய கெடுதி முடிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

நோயாளியின் பெயர் எழுதக் கூடாது. ஐயா என்று வைக்கிறேன். கனத்த கோட்டு, கழுத்தில் சால்வை, கையில் நாலாக மடித்த ஆஸ்பத்திரிக் கடிதம். ந. மூலைக் கதிரையில், மடியில் மதிப்பீட்டுப் படிவம்.

முதல் ஊதல். "ஐயா, மூச்சை நல்லா இழுங்கோ."

"இழுப்பு எண்டுதானே பிள்ளை இஞ்ச அனுப்பினவை. இன்னும் இழுக்கச் சொல்லுறீர்?"

இரண்டாவது. மூச்சை முட்ட எடுத்தார். "விடுங்கோ! விடுங்கோ!" என்றேன். குழாயை வாயிலிருந்து எடுத்து என் கையில் தந்தார். "சரி, விட்டாச்சு." மூலையில் ந. ஏதோ எழுதினார்.

மூன்றாவது. "ஊதுங்கோ ஐயா, ஊதுங்கோ, ஊதுங்கோ..." நான் ‘ங்கோ’ சொல்லி முடிக்கிறதற்குள் அவருடைய காற்று முடிந்தது. இரண்டு செக்கன்.

வியர்த்துவிட்டது அவருக்கு. "ஏலாது பிள்ளை. விடும்."

எட்டுத் தடவைக்கு மேல் ஊத விடக் கூடாது. மூன்று வீண். தண்ணீர் கொடுத்து இருத்தினேன். பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐயா மேல் இல்லை, அந்த ‘ங்கோ’ மேல்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. இனி மரியாதை இல்லாமல்தான் கதைப்பன்."

"கதையும் பாப்பம்."

நான்காவது. முட்ட எடுத்தார். காதடியில் குனிந்தேன். "ஊது! ஊது ஊது ஊது! நிப்பாட்டாதை! இன்னும் கிடக்கு! ஊது! ஊதடா!"

அந்தக் கடைசிச் சொல் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. திரையில் கோடு ஏறி, வளைந்து, அழகாகப் படுத்தது. ஏழு செக்கன். ஐந்தாவதும் நல்லது. ஆறாவதில் இருமல், கழித்தாயிற்று. ஏழாவது நல்லது. மூன்று!

ந. எழுந்து வந்தார். "அவரிடம் என்ன சொன்னாய்?"

"நீ என்று சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

பஸ் டிரைவரையும் டொக்டரையும் நீ என்று கூப்பிடுகிற ஊர்க்காரிக்கு இதை எப்படி விளக்குவது? ‘டா’ பற்றி மூச்சுக் காட்டவில்லை. படிவத்தில் "தேர்ச்சி" என்று போட்டுக் கையெழுத்து வைத்தார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிளிப்பைக் கழற்றும்போது ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்தார். பலமாக ஊதினால் யாருக்கும் கண் கலங்கும்தான்.

"ஒரு வருசமா எல்லாரும் என்னோட மெல்லமாத்தான் கதைக்கினம் பிள்ளை. டொக்டர், மகன், மருமகள். சரி, என்ர கதை முடிஞ்சுது எண்டு இருந்தன். சாகப்போறவனைப் பாத்து ஆராவது ‘ஊதடா’ எண்டு கத்துவினமே?"

வீட்டுக்கு வரும்போது, கத்திய கத்தலில் எனக்குக் குரலே இல்லை. அபி இன்னும் அறை கூட்டவில்லை. இன்று தப்பினாள்.