பழைய பேட்டரி கேட்கிறவர்

அருப்புக்கோட்டை,
12.6.1994

அன்புள்ள சுப்புராஜ் அண்ணனுக்கு,

தங்கை ஜெகதீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசுக்கும் சுகம் என்று எழுதினால் அது பொய். அந்தப் பொய்யை எழுத மனம் வராமல்தான் இந்தக் கடிதம் பத்து நாள் தள்ளிப்போனது.

குழாயில் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிறது. பரளச்சிப் பக்கம் ஒரு மழை பெய்ததாம், நமக்கு மண்வாசனை மட்டும் வந்தது. சுவாதி இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். மாமாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது எல்லோரையும் நன்றாகப் பார்த்துக் குறை சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாப்பிள்ளையின் நடவடிக்கை சரியில்லை. எட்டு வருஷமாகக் கடை, வீடு, கடை என்று இருந்த மனுஷன். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தவிர வேறு பேச்சுக் கிடையாது. ஒரு மாதமாக வியாழக்கிழமை மதியம் ஆனால் பந்தல்குடிக்கு லோடு பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். லோடு செவ்வாய்க்கிழமையே வந்து இறங்கிவிடுகிறது, நானே மூட்டை எண்ணுகிறேன். வந்து இறங்கிய லோடைப் போய்ப் பார்க்கிறவர் இவர் ஒருவர்தான். புண்ணாக்கைப் பார்க்கப் போகிறவருக்குச் சலவைச் சட்டை எதற்கு? திரும்பி வரும்போது பாட்டு வேறு முனகுகிறார்.

இன்னொன்றை எழுதினால் சிரிக்காதீர்கள். சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் ஒரு சதுர பேட்டரி இருந்தது. கல்லாப்பெட்டிக்கு அடியில் இன்னும் ஐந்து. எதற்கு என்று கேட்டால் மல்டிமீட்டருக்கு என்கிறார். நம் கடையில் மீட்டருக்கு என்ன வேலை, தவிட்டில் கரண்டு எவ்வளவு என்று பார்க்கவா? சரி என்று இருந்தேன். எலக்ட்ரீசியன் கருத்தப்பாண்டி ஃபேன் மாட்ட வந்தபோது, இவர் அவனிடம் ஒரு புது பேட்டரியைக் கொடுத்து, அவனுடைய மீட்டரில் கிடந்த தீர்ந்துபோன பேட்டரியை வாங்கிக்கொண்டார். என் கண்ணால் பார்த்தேன். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் புதுசைக் கொடுத்துப் பழசை வாங்குகிறார்! அதோடு விட்டாரா? வாங்கியதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மிளகு ரசம் குடித்தவர் மாதிரி ஒரு முகம்.

அடுத்த வீட்டு முத்துத்தாய் அக்கா பந்தல்குடிக்குப் பூ எடுத்துப் போகிறவள். அவள் சொன்னாள், இவர் அங்கே மைக் செட் போடுகிற சுப்பம்மாள் என்பவளின் கொட்டகைக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருகிறாராம். புருஷன் தவசி பாதி நாள் ஊர் ஊராக விசேஷத்துக்கு மைக் கட்டப் போய்விடுவானாம். நெருப்பில்லாமல் புகையுமா அண்ணா? யாரோ சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று அக்கா சொல்கிறாள். மருந்து உள்ளே போனவர்கள் மண்ணையும் சாம்பலையும் தின்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், பேட்டரியை நக்கினதாகக் கேட்டதில்லை.

வருகிற வியாழன் நானே போய்ப் பார்க்கப் போகிறேன். நீங்கள் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை. ஏதாவது என்றால் நீங்கள்தான் எனக்கு. பதிலை முத்துத்தாய் அக்கா வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள். அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜெகதீஸ்வரி


அருப்புக்கோட்டை,
3.7.1994

அண்ணனுக்கு,

ஜெகதீஸ்வரி எழுதுவது. சுவாதிக்கு இருமல் விட்டுவிட்டது. மற்றச் செய்திகளை எழுத இன்று கை வரவில்லை.

சொன்னபடியே போனேன். இவர் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறி, பந்தல்குடியில் இறங்கி, தூத்துக்குடி ரோட்டில் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு நடந்தேன். அருஞ்சுனை சவுண்டு சர்வீஸ் என்று போர்டு. வாசலில் குழாய் ஸ்பீக்கர்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒருத்தி கால் நீட்டி உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, மடியில் வெற்றிலைப்பை, என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். மயக்குகிறவள் மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சந்தேகம் விடுமா?

எந்த விசேஷத்துக்கு மைக் வேணும் என்று கேட்டாள். என்னை அறியாமல் வாயில் காதுகுத்து என்று வந்துவிட்டது. அந்த நேரம் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. லோடு லாரி மேடு ஏற முடியாமல் முக்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த முக்கல் பாட ஆரம்பித்தது. கரகரவென்று தொண்டை கட்டினவர் பாடுவது மாதிரி, ஆனால் எங்கேயும் பிசிறு குத்தவில்லை. ஒரு இடத்தில் நீளமாக இழுத்து நின்றபோது என் கால் தானாகக் கதவுப் பக்கம் போனது. தகரக் கதவின் இடுக்கில் பார்த்தேன். இவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் சோப்புப் பெட்டி அளவு ஒரு சாமான். உள்ளே வேறு யாரும் இல்லை.

அது யார் என்று சுப்பம்மாளிடம் யாரோ மாதிரி கேட்டேன். அவள் பேச ஆள் கிடைக்காமல் இருந்தவள் போல. உதயகுமார் அண்ணன் அந்தக் காலத்தில் மதுரையில் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவராம். அந்தப் பெட்டிக்கு டிஸ்டார்ஷன் என்று பெயராம், கிட்டார் வயர் அதற்குள் போய் வரும், காலால் மிதித்தால் உறுமும். ஒரு அதிசயமும் இல்லாத சாமானாம், அப்போது கிட்டார்க்காரர் எல்லார் காலடியிலும் அது கிடக்குமாம். கல்யாணத்துக்கு முன்னால் விற்கப் போனபோது சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றார்களாம். இவரே அதை மதித்ததில்லையாம். கிட்டாரை விற்க மனசில்லாமல் தவசியிடம் விட்டுவிட்டு, அந்தப் பெட்டியை மட்டும் பையில் போட்டு வந்திருக்கிறார். அது எட்டு வருஷம் நம் பரணில் சாக்குக்கு அடியில் கிடந்திருக்கிறது. சித்திரையில் எலி செத்த நாற்றம் என்று பரணைக் காலி செய்யச் சொன்னது நான்தான்.

பேட்டரி விஷயமும் அவளே சொன்னாள். உள்ளே இருந்த பேட்டரி பச்சை பூத்துப் போயிருந்ததாம். சுரண்டித் துடைத்துவிட்டு, கையில் கிடைத்த அரைகுறை பேட்டரி ஒன்றைப் போட்டு மிதித்துப் பார்த்தாராம். அந்தக் காலத்தில் ஒருநாளும் வராத சத்தம் வந்ததாம். இரண்டு நாளில் அது தீர்ந்ததும் புதுசு போட்டால், தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி பழைய சத்தமே. அப்புறம்தான் புரிந்திருக்கிறது, பேட்டரி களைத்தால்தான் அந்தப் பெட்டி பாடுகிறது என்று. வயர் இல்லாத மைக்குக்கு ஒவ்வொரு விசேஷத்துக்கும் தவசி புது பேட்டரி போடுகிறவன். கழித்துப் போட்டதை எல்லாம் இவர் வாரம் ஒருநாள் வந்து நாக்கில் வைத்துப் பார்த்துப் பொறுக்குகிறார். சுள்ளென்றால் ஆகாது, மந்தமாக இருந்தால் ஆகும். புதுசக் குடுத்துட்டுப் பழசக் கேக்குற கோட்டிய இந்த ரோட்டுலயே பாத்ததில்ல தாயி என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

வீட்டிலேயே வாசித்தால் என்ன என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். அவுக பொஞ்சாதிக்கு ஆகாதாம்ல. கிட்டாரத் தொட்டா தாலிக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சாம் அந்தப் பொண்ணு. அண்ணங்காரரு வந்து சொன்னாராம். இவுகளும் மறுபேச்சு இல்லாம கழட்டிப் போட்டுட்டு வந்துட்டாக. கல்நெஞ்சுக்காரியா இருப்பா போல.

அந்தக் கல்நெஞ்சுக்காரி அவள் எதிரில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன் அண்ணா.

நான் எப்போது சொன்னேன்? எந்தக் காலில் நின்றேன்? மாப்பிள்ளை கச்சேரி எல்லாம் தானாகவே விட்டுவிட்டார், பொறுப்பான பையன் என்று நீங்கள்தானே என்னிடம் சொன்னீர்கள்? கிட்டார் வாசிப்பவர் என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. இவ்வளவு நாளும் பந்தல்குடியில் திருடியைத் தேடிக்கொண்டிருந்தேனே, என் திருடன் மஸ்கட்டில் அல்லவா இருந்தான்!

எட்டு வருஷம் இவர் என்னோடு சண்டை போட்டதில்லை. ஊரே மெச்சியது, நானும் பெருமைப்பட்டேன்.  சோறு போடும்போதெல்லாம் என்னை என்னவென்று நினைத்துச் சாப்பிட்டிருப்பார்?

அன்று ராத்திரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் வந்து பார்த்ததை, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பதை. கேட்டுக்கொண்டார். சரி, விடு என்றார். மூட்டை ஒன்று குறைந்தால்கூட அதே சரி, விடுதான். நம்பவில்லை. மாட்டிக்கொண்டதும் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார். நான் பிடிவாதமாகத் தவசியிடம் சொல்லிக் கிட்டாரையும் ஆரஞ்சுப் பெட்டியையும் ஸ்பீக்கரையும் சாக்கில் சுற்றி வீட்டுக்கு வரவைத்துவிட்டேன். இவர் அதைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

எனக்குப் பதில் வேண்டாம். அவருக்கு எழுதுங்கள். நீங்கள் சொன்னது பொய், தங்கச்சி அப்படிச் சொல்லவில்லை என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி.

ஜெகதீஸ்வரி


அருப்புக்கோட்டை,
28.8.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. லீவில் வந்த பரளச்சிப் பையனிடம் நீங்கள் கொடுத்துவிட்ட பார்சல் கிடைத்தது. சுவாதிக்குக் கவுன் சரியாக இருக்கிறது. சென்ட் பாட்டிலை அண்ணி நினைவாக வைத்திருக்கிறேன்.

எனக்கு எழுதிய ஆறு பக்கத்தையும் படித்தேன். ஊர் ஊராகப் போகிற கச்சேரிக்காரனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது, உன் நல்லதுக்குத்தான் செய்தேன், நான் சொன்னால் கேட்கமாட்டார் என்று உன் பெயரைச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதுக்குத்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கெட்டது நினைத்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

ஆனால் அவருக்கு என்ன அனுப்பினீர்கள்? அட்டையில் நாலு புது பேட்டரி! ஒரு வரி உண்டா என்று அட்டையைக் கிழித்துப் பின்னால்கூடப் பார்த்தேன். பழைய பேட்டரிக்கு ஏங்குகிறார் என்று பக்கம் பக்கமாக எழுதினவளுக்கு அண்ணன் அனுப்புவது இதுதானா? உங்கள் மாப்பிள்ளை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்துத் துள்ளிவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக உங்களை அரைவாசி மன்னித்தேன்.

கிட்டார் சுவரில் சாத்தியபடியே இருந்தது. பந்தல்குடிக்கும் போவதில்லை. எனக்குப் பயந்து விட்டுவிட்டாரா, வெறுத்து விட்டுவிட்டாரா என்று தெரியாமல் தவித்தேன். ஒருநாள் தவசி ஸ்பீக்கரைப் பார்க்க வந்தபோது ஒன்று சொன்னான். அந்த ஆரஞ்சுப் பெட்டியில் கிட்டார் வயரைச் சொருகிவிட்டாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடுமாம், வாசிக்காவிட்டாலும். பிடுங்க மறந்தால் தானாகத் தீர்ந்துபோகுமாம். எனக்குப் பொறி தட்டியது.

நீங்கள் அனுப்பியதில் ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். தினமும் இவர் கடைக்குப் போனதும் வயரைச் சொருகுவேன், சாப்பிட வருகிற நேரம் பிடுங்கிவிடுவேன். வெளிநாட்டுச் சரக்கு, உயிர் கெட்டி. இரண்டு வாரம் ஆகியும் களைக்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன் அண்ணா, நானும்தான். முதல் நாள் தேள் கொட்டின மாதிரி இருந்தது. நேற்று மந்தமாகப் புளிப்பு மட்டும் தெரிந்தது. அடுப்படியில் நின்று நான் கண்ணை மூடியதைச் சுவாதி பார்த்துவிட்டு, அம்மாவும் பேட்டரி திங்கிறா என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டாள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறார்.

இன்று ஞாயிறு, கடை இல்லை. மத்தியானம் தூங்கி எழுந்தவர் பார்க்கும்போது வயர் சொருகியபடி இருந்தது. அவர் தூங்கும்போது சொருகியதைப் பிடுங்க மறந்துவிட்டேன். யார் சொருகியது என்று கேட்டார். நான்தான் என்றேன். எத்தனை நாளாக என்றார். பதினாறு நாள் என்றேன். பேட்டரியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.  பிறகு திரும்ப உள்ளே போட்டு மூடி, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கிட்டாரை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். இதை எழுதும்போதும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நம்பிவிட்டாரா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. சந்தேகப்பட்டே பழகின புத்தி, அந்த முகத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்கும். கேட்கும்போது, நான் சொல்லாத ஒரு சொல் எங்களுக்கு நடுவில் இருக்கக் கூடாது.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகுட்டியோடு நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அவருக்கு ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. இனி பேட்டரி அனுப்ப வேண்டாம், இன்னும் மூன்று இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
ஜெகதீஸ்வரி