சொந்த அனுபவம்: ஐந்துக்கு ஐந்து

ஜூலை 3

நெட்டைப் பயலுக்கு வாலு எழுதுவது,

போன் நம்பரை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தாயா? நூலகப் புத்தகம் உன்னிடம் மாட்டிக்கொண்டது என்று பள்ளி கிளார்க்கிடம் புளுகி, உன் புது விலாசத்தை வாங்கிவிட்டேன்.

என்னடா செய்வது? தமிழ் வாத்தியார் 'என் அப்பா' என்று கட்டுரை கேட்டார். என் அப்பாவைப் பற்றி எழுதினால் டிவி முன்னால் விடுகிற குறட்டைதான் வரும். உன் அப்பாவோ ஏணி மேல் ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்தபடி பாடுகிற எலக்ட்ரீஷியன். நீ சொன்னதையெல்லாம் இரவல் வாங்கினேன். அவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

வாத்தியார் அதை வகுப்பில் வாசித்தபோது நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். மார்க்கையும் படித்தார்: தெளிவுக்கு நான்கு, ஒழுங்குக்கு ஐந்து, நடைக்கு ஐந்து, சொந்த அனுபவத்துக்கு ஐந்துக்கு ஐந்து. எனக்கு நடைக்கு மார்க். நீ பள்ளியை விட்டே நடையைக் கட்டினாய். கொஞ்சம் சிரிடா.

உன் வாலு


ஜூலை 19

உனக்கு,

சிரிப்பு வரவில்லை. வீடு மாறியதால்தான் பள்ளியும் மாறினேன். நம்பரை மாற்றியது உன்னால்.

ஏணியும் பாட்டும் நான் சொன்னவை. குளிர்நாளில் அப்பா வந்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி என் காதுகளைப் பொத்துவார் என்று எழுதினாயே, அதை நான் சொன்னேனா? வாத்தியார் ஓரத்தில் 'அருமை' என்று போட்டது அதற்குத்தான்.

இப்போது அந்தச் சூடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவைக் கேட்டேன். "ஆமாண்டா, அப்படித்தான் செய்வாரு" என்று அழுதாள். ஆனால் டி.சி. வாங்க வந்த அன்று நோட்டீஸ் போர்டில் உன் கட்டுரையை அவளும் படித்திருக்கிறாள்.

அது நிஜமா? அதை மட்டும் எழுது.

எலக்ட்ரீஷியன் மகன்


ஆகஸ்ட் 2

நெட்டை,

நீ சொல்லவில்லை. அது என் அப்பா எனக்குச் செய்தது, நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது. அந்தக் கட்டுரையில் என் சொந்த அனுபவம் அந்த ஒரு வரிதான்.

'நிஜம்தான்டா' என்று முதலில் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்து கிழித்தேன்.

கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் உன்னுடையது. அந்த வரியை மட்டும் பிளேடால் சுரண்டினேன். தாள் ஓட்டையாகிவிட்டது. பக்கத்தில் 'அருமை' அப்படியே இருக்கிறது.

வாலு